தார்ப்பாய்க்குள் இருந்த ஆள்

என் கடைச் சுவரில், கடிகாரத்துக்குக் கீழே, கிழிந்த தரைவிரிப்பு ஒன்று தொங்குகிறது. கறுப்பு ரெக்சின். ஓரத்தில் சிவப்பு நூலில் இரட்டைத் தையல். அடியில் ஒட்டிக்கிடக்கும் ஸ்பாஞ்சு துருவில் ஊறிக் காய்ந்து செங்கல் நிறத்தில் இறுகிப் போயிருக்கிறது. விளிம்பு நெடுக, பிடுங்கியெடுத்த பொத்தான்களின் ஓட்டைகள். வண்டிக்கு சீட் தைக்க வருகிறவர்களின் கண் முதலில் அதன் மேல்தான் போகும். "இன்னாத்துக்குக்கா இந்தக் குப்பைய மாட்டி வெச்சிருக்க?" என்பார்கள். கை வேலையாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். கோபம் இருக்கிற நாளில் சொல்வேன். எனக்குக் கோபம் இல்லாத நாள் குறைவு.

அது என் அண்ணனின் பிக்கப் வண்டியில் கிடந்தது. அண்ணனைப் போய் 'அவன்', 'இவன்' என்று எழுதுகிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான், மரியாதை வேறு இடத்தில் இருக்கும். இருந்தது என்று சொல்வதுதான் சரி. மரக்காணத்து உப்பளங்களிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், பாண்டி என்று ஓடுகிற தொழில் அவனுக்கு. பழைய வண்டி ஒன்றை வாங்கி வந்தான். வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே சீட் கிழிந்து கம்பி குத்தியது. கூரைத்துணி தொங்கி ஓட்டுகிறவன் தலையில் உரசியது. கதவின் உட்புற அட்டை ஈரத்தில் ஊதி அப்பளமாகப் பொரிந்திருந்தது. கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் நான் அப்போதுதான் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தேன். கையில் ஒரு தையல் மிஷின். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். "நான் தெச்சித் தரட்டுமாண்ணா?" என்று கேட்டது நான்தான். வண்டியின் உள்பக்கத்தைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஜாக்கெட் தைத்தே காலம் போகுமோ என்ற பயமும் இருந்தது. இது கைவந்தால் நாலு வண்டி வரும், ஒரு கடை போடலாம், அண்ணி சோறு போடும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட வேண்டியிருக்காது. எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். பேராசை என்று சொல்ல முடியுமா அதை?

அண்ணன் சரி என்றான். ஆனால் முதல் நாளே வேப்பமரத்துக்கும் சுவருக்கும் கயிறு கட்டி, வண்டியைச் சுற்றி உப்பு மூட்டைக்குப் போர்த்துகிற தார்ப்பாயை இழுத்துக் கட்டினான். வெயிலுக்குத்தான் கட்டுகிறான் என்று நினைத்தேன், நான் ஒரு பைத்தியக்காரி. மேலே கட்டினால்தானே வெயிலுக்கு? அவன் நாலு பக்கமும் தரை வரைக்கும் மூடினான். உள்ளே இட்லிப் பானைதான். கழுத்து வியர்வை ரெக்சினில் சொட்டிச் சொட்டி சாக்பீஸ் கோடு அழிந்தது. பழைய உப்புச் சாக்கைப் பிரித்து அளவு வெட்டி, சீட்டின் மேல் விரித்து, குறி போட்டு, அதை வைத்து ரெக்சின் வெட்டினேன். ஜாக்கெட் மிஷினில் ரெக்சின் ஓடாது. ஊசி படீரென்று முறியும். வளைவான இடங்களை எல்லாம் மெழுகு நூலால் கையால் தைத்தேன். கதவு அட்டைக்குப் பதிலாக, குளியலறைக் கதவுக்கு வாங்கி மிஞ்சிய பிளாஸ்டிக் பலகையை வெட்டி ரெக்சின் இழுத்தேன். உப்பு ஈரத்தில் அது ஊதாது. கூரைக்குச் சாம்பல் நிறத் துணியைச் சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டுவதற்குள் தோள் கழன்றுவிட்டது. என் உடம்பில் வலிக்காத இடமில்லை. ஆனாலும் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

தரைக்கு வந்தபோதுதான் யோசித்தேன். உப்பளத்தில் கூலிக்குப் போன காலத்திலிருந்து எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. பாத்திக்குள் போய்வந்த இரும்பு எதுவானாலும், சைக்கிளோ மண்வெட்டியோ, வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையில்கூட சைக்கிளுக்கு ஒரு குடம் ஒதுக்குவார்கள். உப்புத் தண்ணீர் காய்ந்து படிந்தால் இரும்பு மிஞ்சாது. உப்பு ஏற்றுகிறவன் காலோடு அந்தத் தண்ணீர் வண்டிக்குள்ளேயும் வரத்தான் செய்யும். அதனால் தரைவிரிப்பை ஒட்டாமல், ஜாக்கெட்டுக்கு வைக்கிற டிச் பட்டனின் பெரிய ரகத்தை விளிம்பு முழுக்க வைத்தேன். பட்டனின் கீழ்ப்பாதியைக் கதவோரத் தகட்டில் திருகிவிட்டால், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இழுத்தால் கையோடு வந்துவிடும். தினமும் கழற்றித் தரையை அலசலாம். தகட்டில் டிரில் போட்டுக் கொடுத்தது அண்ணன்தான். "பரவாயில்லியே, மூளைக்காரிதான் நீ" என்றான். அந்த வார்த்தையை அவன் என்னிடம் மட்டும்தான் சொன்னான்.

வேலை முடிகிற நேரம். கூரை ஓரத்தில் கடைசித் தையல். படுத்தவாக்கில், ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நூலை முடிச்சிட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே பைக் சத்தம். அண்ணன் யாருக்கு உப்பு ஓட்டுகிறானோ அந்த உப்பள முதலாளி. தார்ப்பாய் விலகியிருந்த இடுக்கில் கதவையும் சீட்டையும் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா இது, கல்யாண மண்டபம் மாதிரி பண்ணி வெச்சிருக்க! யார் செஞ்சது?"

"பாண்டிலேர்ந்து ஆள் வந்திருக்கான் மொதலாளி" என்றான் அண்ணன். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "உள்ளதான் வேலை செய்றான்."

செய்றான்! நான் உள்ளே கிடக்கிறேன். அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய். முதலாளி அந்தத் தார்ப்பாயைப் பார்த்து, "ஏம்பா, கை சுத்தமா இருக்குதுப்பா உனக்கு. முடிச்சிட்டு நம்ம வண்டிங்களையும் வந்து பாரு" என்றார். எனக்குத்தான் சொன்னார். நான் என்ன பதில் சொல்வது? பல்லில் ஊசி. அது மட்டுமா, அண்ணன் வீட்டுச் சோறு தின்கிற வாய். அதற்குள் அண்ணனே பதில் சொன்னான்: "அவனுக்கு பாண்டியிலயே வேலை தலைக்கு மேல இருக்குதுங்க. வண்டிய அங்க எடுத்தும்போனாதான் செய்வான்." முதலாளியின் வண்டிகள் பாண்டிக்குப் போயின. யாரோ ஒரு கடைக்காரன் பிழைத்தான்.

அன்றைக்கே கேட்டேன். "ஏண்ணா அப்படிச் சொன்ன?" அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "தங்கச்சிய வண்டிக்குள்ள படுக்க வெச்சி வேலை வாங்குறான்னு ஊரு பேசும். அப்புறம் டிரைவருங்க, கிளீனருங்கன்னு ஒவ்வொருத்தனும் வீட்டாண்ட வந்து நிப்பான். உனுக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" என் தலைவலியைப் பற்றி அவனுக்கு அவ்வளவு கவலை! வீட்டுக்குத் திரும்பி வந்த தங்கை ஜாக்கெட் தைத்தால் பாவம் என்பார்கள். வண்டி தைத்தால் அண்ணனை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து என் பிழைப்பைப் பாண்டிக்கு அனுப்பிவைத்தான். இன்றைக்கும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பொய் சொன்னவனை மாட்டிவிட்டது அந்த டிச் பட்டன்கள்தான். டீக்கடையில் வண்டியை நிறுத்தியபோது இன்னொரு டிரைவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னாடா, வண்டிக்கு ஜாக்கெட்டு மாட்டி வுட்டிருக்க! பாண்டிக்காரன் லேடீஸ் டெய்லரா?" என்று கேட்டிருக்கிறான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. இரண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்திருக்கிறார்கள். அண்ணன் வீட்டுக்கு வந்தான். குறடை எடுத்தான். ஒவ்வொரு பட்டனாகப் பிடுங்கி எறிந்தான். தகட்டில் திருகியிருந்ததையும் விடவில்லை. அடியில் கார் மாதிரி மெத்தென்று இருக்கட்டும் என்று ஸ்பாஞ்சு வைத்து, ரெக்சினைச் சொல்யூஷன் பூசித் தரையோடு ஒட்டினான். நான் கத்தினேன். "அண்ணா, உப்பு வண்டிண்ணா! ஸ்பாஞ்சு தண்ணிய குடிச்சிட்டு உள்ளயே வெச்சிக்கும், எப்படி அலசுவ?" தலையைத் தூக்காமலே சொன்னான்: "எனக்கு உப்பப் பத்தி நீ சொல்லித் தர்றியா?" சைக்கிளுக்குக் குடம் ஒதுக்குகிற ஊரில் பிறந்தவன், உப்பு வண்டியின் தரையில் ஸ்பாஞ்சை ஒட்டினான். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். டீக்கடைச் சிரிப்புக்காகத் தெரிந்தே செய்தான்.

இரண்டு மழைக்காலம் தாங்கியது. மேலே ரெக்சின் பளபளவென்றுதான் இருந்தது. என் தையல் ஒரு இழைகூடப் பிரியவில்லை. அடியில் தகடு இற்றுக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. கிளியனூர் தாண்டி லோடோடு போகும்போது ஒரு மாடு குறுக்கே வந்திருக்கிறது. அவன் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து அழுத்த, இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கித் தரையைப் பொத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வண்டி ஓரத்து வயலில் இறங்கி நின்றது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணனுக்குக் கணுக்கால் எலும்பு நொறுங்கி, துருப்பிடித்த தகடு ஆடுசதையைக் கிழித்திருந்தது. ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அவன் வலியில் முனகும்போது அழவும் செய்தேன். கூடப் பிறந்தவன் இல்லையா?

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு கூடத்தில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்திருந்தோம். பார்க்க வந்தவர்களில் முதலாளியும் ஒருவர். "எப்படிப்பா தரை போச்சி? பாண்டியில பெரிய ஆளுகிட்ட செஞ்சன்னியே?" என்று கேட்டார். நான் டீ டம்ளரோடு நிற்கிறேன். அண்ணன் பெருமூச்சு விட்டான். "பாண்டியும் இல்ல ஒண்ணும் இல்ல மொதலாளி. என் தங்கச்சி தெச்சது. பொம்பள வேலைய நம்பினேன் பாருங்க, அதான் இந்தக் கதி."

என் தங்கச்சி தெச்சது. அந்த வார்த்தைக்காக நான் எத்தனை ஏங்கியிருப்பேன்! பாராட்டு வந்தபோது நான் பாண்டி ஆள். பழி வந்ததும் தங்கச்சி ஆகிவிட்டேன். டம்ளரை வைத்தேன். கட்டி இழுத்து வந்து வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்குப் போனேன். ஒட்டியிருந்த விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பிய்த்தேன். துருச் செதில்களோடும் உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டவும் வந்தது. கொண்டுபோய்க் கட்டிலுக்கு முன்னால், வந்திருந்த அத்தனை பேர் காலடியிலும் போட்டேன்.

"இந்த ஓட்டைங்க எதுக்குன்னு இவர கேளுங்க மொதலாளி. கழட்டி அலசணும்னு பட்டன் வெச்சித் தெச்சேன். சிரிக்கிறாங்கன்னு புடுங்கிட்டு ஒட்டினது யாருன்னு கேளுங்க. அன்னிக்குத் தார்ப்பாய்க்கு வெளிய நின்னு கை சுத்தம்னு சொன்னீங்களே, பாண்டி ஆளு, அது நான்தான். நீங்க பேசினது அத்தனையும் கேட்டுது எனக்கு."

முதலாளி விரிப்பைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சரி சரி, வூட்டு விஷயம், பேசித் தீத்துக்குங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நியாயம் கேட்க வந்தவரா அவர்? அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அண்ணி, "நாலு பேர் எதிர்ல இப்படியா மானத்த வாங்குவ?" என்றாள். என் மானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடியபோது அவளுக்கு வாய் எங்கே போயிற்று? அந்த வாரமே மிஷினையும் அந்த விரிப்பையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாண்டி போகும் ரோட்டில் தகரக் கூரை போட்ட கடை. முதலில் வந்தது குப்பத்திலிருந்து மீன் ஏற்றும் லோடு ஆட்டோ. அதற்கும் டிச் பட்டன்தான் வைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் அண்ணன் வந்தான். காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான். வேறொரு பழைய பிக்கப். கடைக்குப் பின்னால் சந்தில் நிறுத்திவிட்டு வந்து, "உள்ள மொத்தமும் செய்யணும். தரைக்கு... பட்டன் வெச்சே தெச்சிடு" என்றான். சுவரில் தொங்கியதை அவன் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க மெனக்கெட்டான். "முன்னால கொண்டாந்து ரோட்டு மேல நிறுத்து, செய்றேன்" என்றேன். சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு கொண்டுவந்து நிறுத்தினான். சீட் முடித்தேன், கூரை முடித்தேன், இடது கதவும் முடித்தேன். அப்போது பக்கத்து டீக்கடையில் இறங்கிய ஒரு லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்து, "அட, சோக்கா இருக்குதே. எங்கண்ணே செஞ்ச?" என்று அண்ணனிடம் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். "இங்கதான்" என்றான்.

நான் கத்தரியைக் கீழே வைத்தேன். "இங்கன்னா யாரு? சொல்லு."

"அதான் அவருக்கே தெரியுதே, நீ வேற" என்று சிரித்து மழுப்பினான். நான் சிரிக்கவில்லை. தைத்துக்கொண்டிருந்த வலது கதவு ரெக்சினிலிருந்து ஊசியை உருவினேன். "தங்கச்சின்னு வாயால சொல்லிட்டு வா. மீதிய அப்புறம் தெக்கிறேன்."

வண்டி அப்படியே கடை வாசலில் நிற்கிறது. வலது கதவு வெறும் தகடு. தரையும் வெறும் தகடு. போகிற வருகிற ஒவ்வொரு டிரைவரும் நின்று, யார் வேலை என்று கேட்கிறார்கள். அண்ணன் காலையில் வருகிறான், டீ குடிக்கிறான், சுவரில் தொங்கும் விரிப்பைப் பார்க்காமல் வண்டியை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறான். தரைக்கான பட்டன்கள் என் மேஜை மேல் டப்பாவில் தயாராக இருக்கின்றன. எனக்கு அவசரம் இல்லை. இப்போதெல்லாம் நான் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்வதில்லை.