பச்சை பியட்டும் மூன்று நிற அம்பாசிடரும்

எழுபதுகளின் கடைசியில் போடிநாயக்கனூரில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்திவந்தேன். பழைய கார் பார்த்துச் சொல்வதும் என் சோலிகளில் ஒன்று. பார்த்துச் சொல்வேன், யாரும் கேட்கமாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் காரையும் ஏலக்காய் மாதிரிதான் வாங்குவார்கள். நிறம் பார்ப்பார்கள், நகத்தால் கீறுவார்கள், கதவைத் திறந்து மோந்துகூடப் பார்ப்பார்கள். பச்சையாக இருந்தால் பாதி வியாபாரம் முடிந்தது. கிளட்சு, கியர், பிரேக்கெல்லாம் வண்டியோடு சும்மா வருகிற சாமான் என்று நினைப்பு.

பேச்சியம்மாள் என்னிடம் வந்த முதல் நாள், கார் பழக வேண்டும் என்று கேட்கவில்லை. "என் தோட்டத்துக்கு நான் போகணும்ணே" என்றார்.

புருஷன் இறந்தபின் அவருக்கு மிஞ்சியது மலைமேல் ஒரு ஏலத்தோட்டம். போடிமெட்டு வரை பஸ்சில் போய்விடலாம். அங்கிருந்து தோட்டத்துக்குப் போகிற மண்பாதையில் ஓடுவது கொழுந்தன் குருசாமியின் ஜீப்பு ஒன்றுதான். எப்போது கேட்டாலும் அவன் பதில் ஒன்றே: "லோடு இருக்கு மதினி, இடமில்ல." காய் உலர்த்தி வைக்கிற ஸ்டோரின் சாவியும் அவன் இடுப்பில்தான் கிடந்தது. வருசா வருசம் காய் குறைந்துபோனதாகச் சொல்வான். போய்ப் பார்க்க வழியில்லாதவர் நம்பித்தானே ஆகவேண்டும்.

அந்த வருசம் சொந்தக்காரர்களை உட்காரவைத்துப் பேசினான். "காய் பறிக்கிற முதல் எடுப்புக்கு நீயே வண்டிய ஓட்டிக்கிட்டு மேல வந்துரு மதினி. சாவியக் கையில குடுத்துர்றேன். வர முடியலைன்னா தோட்டத்த எனக்குக் குத்தகைக்கு எழுதிரு." கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்காமல் "சரி" என்றிருக்கிறார். அந்தச் சரியோடு நேராக என்னிடம் வந்துவிட்டார்.

வண்டி பார்த்த கதை

மதினிமேல் குருசாமிக்கு எவ்வளவு பாசம் பாருங்கள், பழகுவதற்குக் காரையும் அவனே பிடித்துக்கொண்டு வந்தான். கூட்டாளி ஒருவருடைய பழைய பியட். புதுப் பெயிண்ட், நல்ல ஏலக்காய்ப் பச்சை. முந்தல் ரோட்டு டீக்கடை வாசலில் நிறுத்தியதும் நாலைந்து வியாபாரிகள் கூடிவிட்டார்கள். ஒருவர் கீறிப் பார்த்தார். ஒருவர் மோந்து பார்த்துத் தலையை ஆட்டினார்.

"எஞ்சின் பாதி தூரம் ஓடவே இல்ல மதினி," என்றான் குருசாமி. "இறக்கம் பூராம் என் கூட்டாளி ஆஃப் பண்ணி, நியூட்டரல்லதான் வருவாரு. பெட்ரோல்ல அம்புட்டுச் சிக்கனம்."

மலைரோட்டில் பல பேருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. அதைப் பெரிய ஒழுக்கமாகவும் பேசிக்கொள்வார்கள். வியாபாரிகள் எல்லோரும் மெச்சினார்கள்.

பேச்சியம்மாள் மட்டும் கேட்டார்: "எஞ்சின் ஓடலைன்னா அம்புட்டு இறக்கத்துலயும் வண்டியப் பிடிச்சு நிறுத்துனது எது?"

"பிரேக்குதான் தாயி. பாவம், அதுக்குத்தான் லீவே கிடையாது" என்றேன்.

குருசாமி முகம் சுண்டியது. நான் டயர்களுக்குக் கல் வைத்துவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். மூன்றாவது கியரைப் போட்டுக் கிளட்சிலிருந்து காலை எடுத்தேன். கிளட்சு பிளேட்டு நன்றாக இருந்தால் எஞ்சின் ஒரு உதறு உதறி அங்கேயே நின்றுவிட வேண்டும். பியட் எஞ்சினோ தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளேட்டு தேய்ந்து வழுக்குகிறது, இதை வைத்துக்கொண்டு ஏற்றம் ஏற முடியாது என்று நான் வாயைத் திறக்குமுன் ஒரு வியாபாரி முந்திக்கொண்டார்.

"பாத்தீகளா, கல்லு வச்சாலும் எஞ்சின் நிக்கல. என்னா பலம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மறுநாள் ராசிங்காபுரத்தில் நான் சொல்லிவைத்திருந்த அம்பாசிடரைப் பார்க்கப் போனோம். வெயிலிலும் மழையிலும் கிடந்த வண்டி. பானெட் வெள்ளை, ஒரு கதவு கறுப்பு, மிச்சமெல்லாம் என்ன நிறம் என்று உடையவருக்கே மறந்துவிட்டது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஆனால் சமதரையில் மட்டுமே ஓடிய வண்டி, பிரேக்கு கச்சிதம். அதையும் முந்தல் ரோட்டுக்குக் கொண்டுவந்து அதே மாதிரி கல் வைத்துக் கிளட்சை விட்டேன். டப்பென்று நின்றது.

"சவலை வண்டி" என்று தீர்ப்புச் சொன்னார்கள் வியாபாரிகள். "இதுவா மலையேறப் போகுது?" என்று கேட்டுவிட்டுக் குருசாமி விழுந்து விழுந்து சிரித்தான்.

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அம்பாசிடரை வாங்கிவிட்டார். பச்சை வண்டியை ஊர்முன்னால் அவ்வளவு புகழ்ந்துவிட்ட குருசாமியை அந்தக் கூட்டாளி விடவில்லை. "இம்புட்டு நல்ல வண்டின்னா நீயே வச்சுக்க மாப்ளே" என்று தலையில் கட்டிவிட்டார். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, மறுக்க முடியுமா?

அரைக் கிளட்சு

சமதரையில் ஓட்ட யாரும் பழகலாம். ஏற்றத்தில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவதுதான் வித்தை. ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, கிளட்சைப் பாதி விட்டு, வண்டி மூக்கைத் தூக்குகிற நேரம் பார்த்து பிரேக்கை விட வேண்டும். முந்தல் ரோட்டு ஏற்றத்தில் பேச்சியம்மாள் கிளட்சை வெடுக்கென்று விடுவார். அம்பாசிடர் நிற்கும். திரும்ப விடுவார். திரும்ப நிற்கும்.

எதிரே டீக்கடையில் குருசாமிக்குக் கச்சேரி பார்க்கிற மாதிரி. "என்னா மதினி, வண்டி நட்டுக்கிருச்சா? உரம் வைக்கவா?" என்பான். கடை முழுக்கச் சிரிக்கும்.

ஒரு நாள் பேச்சியம்மாள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "எனக்கு வராதுண்ணே. தோட்டமும் போச்சுன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவேன்?" என்று கேட்டார். எனக்கு டீக்கடைக்குள் புகுந்து நாலு பேரை அறையலாம் போல ஆத்திரம்.

"நல்லா நிக்கட்டும் தாயி," என்றேன். "நீ செய்யிற தப்ப அப்பப்பச் சொல்லிருது. அந்தப் பச்சை வண்டி என்ன செஞ்சாலும் சரி சரின்னு வழுக்கிக்கிட்டே வரும், ஒண்ணும் சொல்லாது. அதுல பழகுனா மலையிலதான் தெரியும்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பச் சாவியைத் திருகினார். ஆவணி பிறக்கையில் லைசென்சும் வாங்கிவிட்டார். மூன்று நிற அம்பாசிடர் ஏற்றத்தில் ஒரு விரல்கூடப் பின்வாங்கவில்லை. டீக்கடையில் சத்தமும் குறைந்துபோனது.

கொண்டை ஊசி வளைவில்

முதல் எடுப்பு நாளில் நான் பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். முக்கால்வாசி மலை ஏறியிருப்போம். ஒரு வளைவு திரும்பியதும் கிளட்சு பிளேட்டு கருகிய நாற்றம் மூக்கைப் பிடுங்கியது. ரோட்டோரத்தில் பச்சை பியட். ஜீப்பைக் காலையிலேயே ஆட்களோடு மேலே அனுப்பிவிட்டு, மதினி வந்தால் எதிரே காரில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கிளம்பியிருக்கிறான் குருசாமி. பிரேக்கும் பிடிக்காததால் நாலு டயருக்கும் கல் வைத்துவிட்டு வெயிலில் நின்றான்.

பேச்சியம்மாள் அந்த ஏற்றத்திலேயே வண்டியை நிறுத்தி ஹேண்ட்பிரேக்கைப் போட்டார்.

"மதினி, என்னையும் ஏத்திக்க. மேல சனம் காத்துக்கிட்டு இருக்கும்."

"சாவிய முதல்ல குடு தம்பி."

"மேல வந்து தர்றேனே."

"அப்பச் சரி. நீ மெதுவா வா."

அவர் கை கியருக்குப் போனதும் இவன் கை இடுப்புக்குப் போனது. சாவி ஜன்னல் வழியாக வந்தது. அவர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார். குருசாமி பின்கதவில் கை வைத்தான்.

"லோடு இருக்கு தம்பி, இடமில்ல."

திரும்பிப் பார்த்தேன். பின்சீட்டில் கோழி விட்டுப்போன வைக்கோலைத் தவிர ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் கிளட்சைப் பாதி விட்டார். வண்டி மூக்கைத் தூக்கியது, பிரேக்கை விட்டார், ஏறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கருகிய நாற்றம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேலே போய் ஸ்டோரைத் திறந்தோம். காய் குறைவு என்று இத்தனை காலம் கேட்ட இடத்தில் போன வருசத்து மூட்டைகள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. கால் வைக்க உண்மையிலேயே அங்கேதான் இடமில்லை. பேச்சியம்மாள் பழைய பூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, பையிலிருந்து புதுப் பூட்டை எடுத்துப் பூட்டினார்.

கார் பழக எந்தப் பழைய வண்டியை வாங்கலாம் என்று இப்போதும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தப்புச் செய்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிற வண்டியை வாங்குங்கள். கதவு என்ன நிறத்தில் இருந்தால் என்ன? சொந்தக்காரர் ஆசையாகப் பார்த்துக்கொடுக்கிற வண்டி என்றால், போகும்போது டயருக்கு வைக்க நாலு கல்லும் கொண்டுபோங்கள்.