நாகேஸ்வரியின் சீதன மெசின்

நாகேஸ்வரிக்குச் சீதனமாகக் கொடுத்த தையல் மெசின் புதியதல்ல என்ற விஷயம், கீரிமலையில் மாமியார் வீட்டு விறாந்தையில், அயலட்டை முழுவதும் பார்த்திருக்க வெளியானது. எண்பத்துநாலாம் ஆண்டு, கலியாணம் முடிந்து இரண்டாம் மாதம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர் பலர் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை.

மெசின் விட்டுவிட்டுத் தைத்தது. நாலு தையல் விழுந்தால் ஐந்தாவது தப்பும். மாமியார் குணலட்சுமி, குருநகரிலிருந்து மெசின் திருத்துகிற கனிசியஸை வரவழைத்தாள்.

அவன் தைத்துப் பார்க்கவில்லை. பக்கத்துச் சில்லைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காதைக் கிட்ட வைத்துக் கேட்டான். பிறகு ஊசிக்குக் கீழேயிருந்த தகட்டை இழுத்து உள்ளே விரல் விட்டு, வள்ளம் போல நீண்ட சிறு இரும்புக் கூடொன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான்.

"அம்மா, இப்ப வாற மெசினுக்கு உள்ளுக்கை நூல் சுத்திப் போடுற பொபின் வட்டமாய் இருக்கும். இது நீட்டுப் பொபின். எங்கடை பாட்டன்மாற்றை காலத்துச் சாமான்."

ஓர் ஆணியால் மெசினின் ஓரத்தைச் சுரண்டினான். கறுப்புப் பெயின்ற் சுருண்டு எழும்ப, அடியில் பொன்னிறக் கொடியொன்றின் இலை தெரிந்தது.

"சைக்கிளுக்கு அடிக்கிற பெயின்ற். துணியை இழுக்கிற பல்லும் தேஞ்சிருக்கு."

குணலட்சுமி சத்தம் போடவில்லை. ஆணியை வாங்கி மருமகளிடம் நீட்டினாள்.

"மிச்சத்தை நீயே சுரண்டு பிள்ளை. உன்ரை அப்பர் என்ன தந்தவரெண்டு எல்லாரும் பாக்கட்டும்."

நாகேஸ்வரி நிலத்தில் குந்தியிருந்து சுரண்டினாள். பொன்னிறக் கொடியும் பூவும் ஒவ்வொன்றாக வெளியே வர, யாரோ ஒரு பெண் "வடிவாய்த்தான் இருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். மாப்பிள்ளை சீவரத்தினம் கிணற்றடியில் நின்றான். அடுத்தநாள் காலையில் மெசினையும் அவளையும் ஒரே வாடகைக் காரில் உடுவிலில் தகப்பன் வீட்டுக்கு ஏற்றிவிட்டார்கள். புதியது வாங்கிக்கொண்டு வந்தால் வரலாம் என்று மாமியார் படலையில் நின்று சொன்னாள்.

தகப்பன் பரமலிங்கம் வெங்காயத் தோட்டம் செய்தவர். மனைவி இறந்த பின் ஒரே மகளைத் தனியே வளர்த்தவர். கலியாணம் பேசிய வருடம் வெங்காயம் மழையில் அழுகிப்போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் புது மெசின் கட்டாயம் என்றார்கள். ஊரைவிட்டுக் கொழும்புக்குப் போன ஒரு குடும்பம் விட்டெறிந்த மெசினை எடுத்து, பெயின்ற் அடிப்பித்து, புதுப் பலகையும் போடுவித்துக் கொடுத்திருந்தார்.

"பழசெண்டாலும் நல்ல இரும்பு, மோனை. ஆருக்கும் தெரியவராதெண்டு நினைச்சன்."

"என்னைக் கொண்டே சுரண்டுவிச்சவை, ஐயா."

அவரோடு அவள் கதைத்தது அத்தோடு நின்றது. அதன்பின் சோற்றுக் கோப்பையை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போவாள். அவர் கேட்டால் தலையசைப்பாள், கேட்காவிட்டால் அதுவுமில்லை. சீவரத்தினம் அடுத்த வருடம் ஜேர்மனிக்குப் போனான். அங்கே வேறொருத்தியைக் கட்டிவிட்டான் என்ற கதையைச் சந்தையில் யாரோ சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

மூலையில் கிடந்த மெசினை ஒருநாள் ஆத்திரத்தில்தான் கழற்றத் தொடங்கினாள். கழற்றும்போது கண்டாள்: ஊசியைத் தட்டைப்பக்கம் மாறிப் போட்டிருந்தது. பெயின்ற் அடித்தவன் பூட்டும்போது விட்ட பிழை. திருப்பிப் போட்டாள். தையல் தப்பவில்லை. பல் தேய்ந்திருந்தும், மெல்லிய துணியில் முத்துப் போலத் தைத்தது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே குருநகருக்குப் போய் கனிசியஸைக் கேட்டாள்.

"ஊசி மாறிக் கிடந்தது உமக்குத் தெரியுமோ?"

"தெரியும், தங்கச்சி. அவ என்னைத் திருத்தவோ கூப்பிட்டவ? பழசெண்டு சொல்லத்தானே கூப்பிட்டவ."

அவனுக்கு அதில் வெட்கம் ஒன்றும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எறியக்கிடந்த மெசின்களையெல்லாம் அவள் தேடி எடுத்துக் கழற்றினாள். போரில் சனம் இடம்பெயரும்போது விற்ற பழைய மெசின்களை வாங்க நினைத்தவர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பல்லை நகத்தால் தடவுவாள். ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பாள். நீட்டுப் பொபின் மெசின் என்றால் தகட்டை இழுத்து வள்ளம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அது தொலைந்திருந்தால் வேறு எங்கும் எடுக்க முடியாது. "பிணம். மண்ணுக்கை தாட்டுப்போட்டுப் போங்கோ," என்பாள். விற்க வந்து கண்ணீரோடு நிற்பவர்களுக்கும் அதே சொல்தான்.

தொண்ணூறுக்குப் பின், அரசு வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைக் காலத்தில் மெசின் எண்ணெய் கிடைக்கவில்லை. எல்லாரும் தேங்காயெண்ணெய் விட்டார்கள். அது சில மாதத்தில் பிசினாகி மெசினை இறுக்கிவிடும். அந்த நாட்களில் ஒரு காலை குணலட்சுமி வந்தாள். கீரிமலையிலிருந்து இடம்பெயர்ந்து, சுன்னாகத்தில் ஒரு கொட்டிலில் இருந்தாள். மகன் முதல் வருடம் அனுப்பிய காசில் வாங்கிய புது மெசினைச் சைக்கிளில் கட்டி உருட்டி வந்திருந்தாள். ஆள் மெலிந்து கறுத்திருந்தாள்.

"பிள்ளை, சில்லு அசையுதில்லை. அவன் இப்ப ஒண்டும் அனுப்புறேல்லை. தைச்சால்தான் கஞ்சி."

நாகேஸ்வரி சில்லைத் தொட்டுப் பார்த்தாள். பிசின்தான். கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, வெயிலில் வைத்து, துடைத்தால் பொழுதுபடுமுன் ஓடும்.

"உள்ளுக்கை தண்டு முறிஞ்சுபோச்சு, மாமி. இது இனி ஓடாது."

குணலட்சுமி மெசின் கட்டிய கயிற்றை இறுக்கினாள். பிறகு சைக்கிளைத் திருப்பினாள். அவள் ஒழுங்கையின் திருப்பத்தைத் தாண்டியபின், திண்ணையில் இருந்த பரமலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"மோனை, அது தேங்காயெண்ணெய்ப் பிடிப்பல்லோ? பாவம், பொய் சொல்லி விட்டிட்டாய்."

பல வருடங்களுக்குப் பிறகு அவள் தகப்பனுக்குச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"பொய் நீங்கள் பழக்கினதுதானே."

அவர் எழுந்து தோட்டத்துக்குப் போனார். அன்று சாப்பிடவும் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கி வர, உடுவிலோடு வலிகாமப் பகுதி முழுவதும் ஊரைவிட்டு எழும்பியது. நாகேஸ்வரி தன் சீதன மெசினின் தலையைக் கழற்றி, சீலையால் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டினாள். மேசையை விட்டாள். பரமலிங்கத்துக்கு முழங்கால் மடங்காது. கரியரில் ஒன்றைத்தான் வைக்கலாம். அவர் அதைப் பார்த்தார். "நான் நடப்பன்," என்றார்.

விடியும்போது செம்மணி வெளியில் நின்றார்கள். மழை. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரே ரோட்டு, அதில் சனம் ஒட்டி ஒட்டி அசைந்தது. பரமலிங்கம் ரோட்டோரம் காலை நீட்டி இருந்துவிட்டார்.

"பிள்ளை, கொஞ்சம் நில்லன்."

அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பவில்லை. பாலம் தாண்டி மெசினை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்து அவரைத் தூக்கலாம் என்று நினைத்தாளாம். வருடங்கள் கழிந்தபின் அப்படித்தான் சொன்னாள். நாவற்குழிப் பாலம் தாண்டியபின் எதிர்ப்பக்கம் போக ஒரு அடி இடமிருக்கவில்லை. திரும்ப முயன்றவளைச் சனம் கைதடி வரை தள்ளிக்கொண்டு போயிற்று.

கைதடியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில், பெட்டியொன்றின் மேல் மெசினை வைத்து, ஒரு கையால் சில்லைச் சுற்றி மறு கையால் துணியைப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். கிழிந்ததைத் தைக்க வந்தவர்களில் ஒருத்தி, குருநகர்க்காரி பெர்னடெட், அவளை உற்றுப் பார்த்தாள்.

"உடுவில் பரமலிங்கத்தாற்றை மகளோ நீங்கள்? மெசினோடை போன மகளெண்டு அவர் சொன்னவர்."

"எங்கை அவர்?"

"செம்மணியிலை. காய்ச்சலிலை நடுங்கிக்கொண்டிருந்தவர். நான்தான் கிட்ட இருந்தனான். பின்னேரம்போலை உயிர் போயிட்டுது. என்ரை மனுசன் ரோட்டுக் கரையிலை தாட்டவர்." பெர்னடெட் குரலைத் தாழ்த்தினாள். "மகள் விட்டிட்டுப் போட்டாவோ எண்டு கேட்டன். இல்லை, மழையிலை மெசின் பழுதாய்ப்போம், நான்தான் போகச் சொன்னனான் எண்டார்."

நாகேஸ்வரியின் கை சில்லில் நின்றது.

"ஓம்," என்றாள். "அவர்தான் போகச் சொன்னவர்."

பெர்னடெட் கொண்டுவந்த சட்டையை வாங்கி, கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்தாள். இடத்தை அடையாளம் சொல்லட்டுமோ என்று பெர்னடெட் கேட்டாள். அந்தப் பக்கம் அப்போது யாரும் போகமுடியாமல் இருந்தது. பின்னால் துணிகளோடு ஆட்கள் காத்து நின்றார்கள். அவள் கிழிசலை ஊசிக்குக் கீழே தள்ளிச் சில்லைச் சுற்றினாள்.