துடைப்பத்தை நான்தான் கொடுத்தேன்

ஆம்பளைப் பிள்ளை கையில் துடைப்பத்தைக் கொடுத்துப் பெருக்க வைத்தவள் நான்தான். அப்போது என் தம்பிக்கு இரண்டரை வயசு, எனக்குப் பதினொன்று. எங்கள் அத்தை கண்ணை மூடுகிற வரைக்கும் இதை ஒரு குற்றமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எதிரே நின்று பதில் பேசுகிற ஆள் இல்லை. நாலு பேர் சேர்ந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். ஆனால் தப்பு செய்தேன் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. இந்த வயசில் ஒப்புக்கொள்ளவும் போவதில்லை.

எண்பதுகளின் ஆரம்பம். இரும்புலியூரில் எங்கள் வயல்களெல்லாம் மனைகளாகிக் கொண்டிருந்தன. மிச்சமிருந்த துண்டு நிலத்தில் அம்மா கீரை போட்டு, விடிகாலையில் பறித்து, தாம்பரம் மார்க்கெட்டில் கொண்டுபோய் விற்பாள். அப்பா லாரி ஓட்டினார். போனால் பத்து நாள் கழித்துத்தான் முகம் காட்டுவார். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று ஐந்தாவதோடு என்னை நிறுத்திவிட்டார்கள். கூடப் படித்த பெண்களெல்லாம் நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக எங்கள் வாசல் வழியாகத்தான் ஆறாவதுக்குப் போவார்கள். அவர்கள் தலை தெரிந்ததும் நான் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

தீபாவளி கழித்து ஒருநாள், என்னை மறுபடி எப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாய் என்று அம்மாவிடம் கேட்டே விட்டேன். அம்மா கீரைக்கட்டுக்குத் தண்ணீர் தெளித்தபடியே சொன்னாள்: "அவன் தானா துன்னு, தானா கழுவிகினா, அத்தை வூட்ல வுட்டுட்டுப் போவலாம். ஜூன் மாசம் உன்னைச் சேத்து வுடறேன்." அத்தை அப்பாவின் அக்கா, பக்கத்து வீடுதான். "பீத்துணி கசக்கற வேலை எனக்கு வாணாம். மத்தபடி ஒரு மூலையில இருந்துட்டுப் போவட்டும்" என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஏழு மாசம் இருந்தது. மறுநாளே ஆரம்பித்தேன்.

தம்பி துணிகளுக்கென்று அவன் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு கொடி கட்டினேன். தேய்ந்துபோன தென்னந்துடைப்பத்தை அரிவாளால் பாதியாக வெட்டி, அவன் பிடிக்கத் தோதாகக் கயிறு சுற்றிக் கொடுத்தேன். சின்னச் சொம்பில் பாதித் தண்ணீர். கொட்டினால் திட்டுவதில்லை, துணியை எடுத்துக் கொடுப்பேன், அவன் துடைக்க வேண்டும். பெருக்கினால் குப்பை முன்னால் போவதைவிடப் பின்னால்தான் அதிகம் வரும். டவுசர் போட அரை மணி நேரம் ஆகும். இரண்டு காலையும் ஒரே ஓட்டையில் விட்டுக்கொண்டு நிற்பான். இழுத்துச் சரி செய்ய என் கை பரபரக்கும். அதனால் கைகள் இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். சொல்லிக்கொடுப்பதைவிட, செய்யாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

மாசிக்குள் அவன் தன் தட்டைத் தானே எடுத்து, தின்று, அடிபம்புக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்தான். சிந்தினால் பெருக்கி, தண்ணீர் விட்டுத் துடைத்தான். அத்தைக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

"இன்னாடி இது? ராஜா கணக்கா வளக்க வேண்டிய புள்ளைய வேலக்காரனாக்கிகினு கீறே!"

அத்தை வீட்டுக்காரர், எங்கள் மாமா, கொத்தனார். அவர் சாப்பிட்ட தட்டில் கை கழுவிவிட்டு அப்படியே எழுந்து போகிறவர். தம்பி தட்டைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "டேய் மாப்ள, என்னையும் உன் இஸ்கூல்ல சேத்துக்கடா" என்று சிரிப்பார்.

அந்த மாமாவுக்கு ஏப்ரலில் துபாய் போக விசா வந்தது. கிளம்புகிற அன்று மத்தியானம் தெருவே அத்தை வீட்டு வாசலில் நின்றது. முறுக்கும் ஊறுகாயும் கட்டியாயிற்று. மாமாவுக்குச் சூடம் சுற்றிப் போட்டு டாக்சியில் ஏற்றினார்கள். தம்பி வாசற்படியில் உட்கார்ந்து ஒரு முறுக்கைத் தின்றுகொண்டிருந்தான். டாக்சி நகர்ந்தது. எல்லாரும் கையாட்டினோம். நானும்தான். திரும்பிப் பார்த்தால், தம்பி எங்கள் வீட்டுக்கு ஓடித் தன் துடைப்பத்தை எடுத்துவந்து, படியில் சிந்திய முறுக்குத் தூளைப் பெருக்கி முடித்து, சொம்புத் தண்ணீரைச் சளேரென்று ஊற்றிக் கொண்டிருந்தான்.

பிரயாணம் கிளம்பினவர் போனதும் எங்கள் பக்கத்தில் வாசலைப் பெருக்க மாட்டார்கள், தண்ணீரும் ஊற்ற மாட்டார்கள். பிணத்தை எடுத்த பிறகுதான் வீட்டைக் கழுவுவார்கள். எனக்கு அது தெரியும். அவனுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஐயோ! காரு தெரு முனையத் தாண்டல, அதுக்குள்ள எழவு வூடு மாரி கழுவி வுட்டுட்டானே!" என்று அத்தை அலறினாள். அறை எனக்கு விழுந்தது. துடைப்பத்தைப் பிடுங்கி முறித்து வாசலில் வீசினாள். தம்பி அழவில்லை. குப்பை விழுந்துவிட்டதே என்று குனிந்து ஈர்க்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் சத்தமாகச் சொன்னேன்: "அவன் சிந்துனத அவன் பெருக்குனான். நீ சிந்துனத யாரு பெருக்கறது?"

அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "இனிமே அந்தப் புள்ளை என் வாசப்படி ஏறக் கூடாது" என்று அத்தை கதவைச் சாத்தினாள். என் ஆறாவதும் அந்தக் கதவோடு சேர்ந்து சாத்திக்கொண்டது என்று எனக்கு அப்போதே புரிந்தது. ஆனாலும் அன்று சாயந்திரமே இன்னொரு துடைப்பத்தை வெட்டினேன். இப்போது அவனுக்குப் பேரன் பேத்தி எடுக்கிற வயசு. இன்றும் தன் தட்டைத் தான்தான் கழுவுகிறான். அதற்காக ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

மாமாவிடமிருந்து கடுதாசி வர இருபத்தைந்து நாள் ஆனது. அதுவரை தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே ஓடிப்போய்க் கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். தெருமுனை அம்மனிடம் தினமும் வேண்டிக்கொண்டேன், அத்தைக்குத் தெரியாமல். சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று எழுதியிருந்தார். அத்தை தெருவுக்கெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள்.

அம்மாவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. ஜிஎஸ்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு டீச்சரம்மா தன் வீட்டு முன்ஹாலில் நர்சரி வைத்திருந்தார். தம்பியை அங்கே கூட்டிப்போனோம். மூன்று வயசுகூட நிரம்பாததைச் சேர்ப்பதில்லை என்றார். அதற்குள் தம்பி செருப்பைக் கழற்றி வரிசையில் வைத்துவிட்டு, டவுசரைத் தானே இறக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்வந்து, காலைக் கழுவினான். டீச்சரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஜூன்ல அனுப்புங்க" என்றார். "காலைல ஒம்பது, மத்தியானம் பன்னெண்டரை. ரோட்டைத் தாண்டணும், பெரியவங்க யாராவது கொண்டுவந்து விட்டுக் கூட்டிப் போகணும்."

வரும் வழியெல்லாம் நான் குதித்துக்கொண்டு வந்தேன். அத்தையை ஜெயித்துவிட்டேன் அல்லவா?

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, என் பழைய நீலப் பாவாடையின் மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டு, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டேன். அம்மா மார்க்கெட்டுக்குப் போகுமுன் கீரைக்கூடையோடு எங்கள் கூட வந்தாள். ரோட்டைத் தாண்டி, தம்பியை நர்சரியில் விட்டோம். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பன்னெண்டரைக்கு வந்து கூட்டிகினு போய்டு" என்றாள் அம்மா என்னிடம்.

நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். பன்னிரண்டரைக்குக் கூட்டிவந்து, சோறு அவனே தின்றுவிடுவான், தூங்கிவிடுவான். அதற்குப் பிறகு நான் போகலாம். பாதிப் பள்ளிக்கூடம் போனால் பாதிப் படிப்பாவது வராதா? அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

அம்மா என் பாவாடையைப் பார்த்தாள். பிறகு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் பஸ்ஸே இல்லை. எதற்கு இந்த ஓட்டம் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.