மணிக்கு முன்னால் போன கை

பிள்ளைகளே, அலாரம் இல்லாமல் அப்பா நான் எப்படி நாலரைக்கு எழுகிறேன் என்று கேட்கிறீர்களே, உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அம்பத்தூரில் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

பம்புகளுக்கான ரப்பர் வளையம் செய்வோம். அச்சில் ரப்பரை வைத்து, சூடான பிரஸ்ஸில் பதினைந்து நிமிடம் அழுத்த வேண்டும். முன்னால் திறந்தால் கொழகொழ. தாமதித்தால் விறைத்துப் போய், வளைத்தால் வெடித்துவிடும். சூட்டில் கை விடும் வேலை என்பதால் வாட்ச் கட்டக் கூடாது. நேரமானால் பிரஸ்ஸிலேயே மணி அடிக்கும்.

ஆறு வருஷம் அந்த மணியோடு நின்றவன் நான். ஒருநாள் காலை, முதல் இரண்டு அச்சுக்கும் மணி வருவதற்குள் கை பரபரத்தது. பொறுத்துக்கொண்டேன். மூன்றாவதைத் திறந்தே விட்டேன்.

சூப்பர்வைசர் ஓடி வந்தார். மணிக்கு முன்னால் திறப்பவனை மூட்டை தூக்க அனுப்பிவிடுவது அங்கே வழக்கம்.

“யாரைக் கேட்டுய்யா தொறந்தே?”

“மணிதான் சார் லேட்டு.”

அடுத்த அச்சை ஏற்றச் சொல்லி, தன் வாட்சைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பதினைந்து நிமிடம் ஆனதும் நான் சொல்ல வேண்டும்; தப்பினால் மூட்டைதான் என்றார்.

பயத்தில் மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். எண்ணிக்கை தலைதெறிக்க ஓடியது. பஸ்ஸுக்கு நிற்கும்போது ஐந்து நிமிடம் அரைமணியாகத் தெரியுமே, அது மாதிரி.

பக்கத்துப் பிரஸ்காரன் என் உதட்டைப் பார்த்துவிட்டான். “இன்னா மாமே, மந்திரமா சொல்ற? எண்ணாத. எப்பவும் போல பேசிகினு இரு.”

அயனம்பாக்கம் ஏரியில் தான் பிடித்த விரால் மீனைப் பற்றி அளக்கத் தொடங்கினான். மீன் அவன் கை நீளத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே, மணி அடிக்கும் நேரத்தில் எப்போதும் இறுகுவதுபோல் கெண்டைக்கால் இறுகியது. கை தானாகப் பிரஸ்ஸின் கைப்பிடிக்குப் போனது.

“இப்ப சார்,” என்றேன்.

சூப்பர்வைசர் பொத்திய கையைத் திறந்து வாட்சைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் தாண்டிச் சில விநாடிகள்தான். நான் அச்சைத் திறந்து வளையங்களை எடுத்த பிறகுதான் மணி அடித்தது.

காலையில் மணிக்குக் காத்திருந்து எடுத்த வளையம் ஒன்றை அவர் வளைத்தார். வெடித்தது. என்னுடையதை இழுத்தார். நீண்டு, பழையபடி சேர்ந்தது. எலக்ட்ரீஷியனுக்கு ஆள் அனுப்பிவிட்டு, “மணி சரியாகிற வரைக்கும் நீயே பாத்துக்கோய்யா,” என்றார்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அன்று சாயங்காலம் வரை அந்தப் பிரஸ் என் உடம்பை நம்பித்தான் ஓடியது. அதன் பிறகு ஒரு வளையம்கூட வீணாகவில்லை.