ஜூரா அக்காவின் கம்பளத் துண்டு

காலை ஐந்து பத்துக்குச் செய்தி வந்தது. மேல் வீட்டிலிருந்து என் சமையலறைக்கு இறங்கும் வெந்நீர்க் குழாயில் கரண்டியால் மூன்று தட்டு. ஜன்னலைத் திறந்து அண்ணாந்தேன். மேலே ஜூரா அக்காவின் தலை.

"தம்பி, போயிட்டான்! வெறும் மண்ணுல போயிட்டான்! கம்பளமே இல்லாம!"

பிஷ்கெக் நகரில் எங்கள் ஐந்து மாடிக் கட்டடம் முழுவதும் விழித்துக்கொண்டது.

அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு. தையற்கூடத்தில் துணி வெட்டுகிறார். ரொட்டி வாங்கப் போகும்போதுகூடக் கழுத்தில் அளவு நாடா தொங்கும். எல்லாம் விரற்கணக்குதான்: "பனி நாலு விரல் பெஞ்சிருக்கு", "உன் முகம் ரெண்டு விரல் சுருங்கிடுச்சு, சாப்பிடு."

அவர் வளர்க்கும் நாய்க்குட்டியின் பெயர் அக்தோஷ். நாரின் மலையிலிருந்து அக்காவின் அண்ணன் கொடுத்தனுப்பிய வேட்டை நாய்; உடம்பைவிடக் கால்கள் அதிகம். "மத்த நாய்க்குத்தான் வாசப்படி. இந்தச் சாதி வீட்டுக்குள்ள வரலாம், பெரியவங்களே சொல்லியிருக்காங்க" என்பார் அக்கா.

பழக்குவதற்காகப் பழைய ஆட்டு உரோமக் கம்பளம் ஒன்றில் துண்டு வெட்டிக் கதவோரம் போட்டார். குட்டி பாடத்தை அப்படியே பிடித்துக்கொண்டது: ஆட்டு உரோமம் எங்கே விரித்திருக்கிறதோ, அதுவே கழிப்பிடம். எங்கள் வீடுகளில் உரோமக் கம்பளம் விரிக்காத தரை ஏது?

"நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்க. நம்ம கல்யாணக் கம்பளத்துலயே பரீட்சை எழுதிட்டான்" என்றார் அவர் கணவர் எசென்.

அப்போது, இறந்துபோன என் மனைவி நசிராவின் நாற்பதாம் நாள் ஓதலுக்கு மூன்று வாரம் இருந்தது. பெண்கள் என் வீட்டிலும் ஆண்கள் அக்கா வீட்டிலும் அமர்வதாக ஏற்பாடு. ஓதும் இடத்தில் அசுத்தம் கூடாது. எசென் அண்ணன் கெடு வைத்தார்: "அன்னைக்குக் கம்பளத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் மறுநாள் இவனை நாரின் வண்டியில ஏத்திருவேன்."

"ஏத்துங்க, நானும் கூடவே ஏறிக்கிறேன். அப்புறம் உங்களுக்கு யாரு சூப்பு வைக்கிறா பாப்போம்!"

அக்கா எல்லாக் கம்பளங்களையும் சுருட்டி அலமாரி மேல் ஏற்றினார். கதவோரத் துண்டை முற்றத்து மரத்தடிக்குக் கொண்டுபோனார். சாப்பிட்டதும் ஒரு முறை, தூங்கி எழுந்ததும் ஒரு முறை குட்டியைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு நான்கு மாடி இறங்குவார். தினமும் கத்திரிக்கோலால் துண்டில் ஒரு விரல் அகலம் வெட்டிவிடுவார். உள்ளங்கை அளவானபோது குட்டி அதைக் குறிபார்த்துச் சுற்றிச் சுற்றி வரும். "சுத்து, இன்னும் சுத்து, உன் மாப்பிள்ளை ஊர்வலம் முடியட்டும்!" என்பார் அக்கா. அந்த மாதம் நான் சிரித்ததெல்லாம் அந்த மரத்தடியில்தான்.

துண்டு முழுதும் தீர்ந்த மறுநாள் காலைதான் அக்கா குழாயில் தட்டியது. நாற்பதுக்கு இரண்டு நாள் மிச்சம்.

நாற்பதாம் நாளன்று அக்கா வீட்டுக் கம்பளங்கள் எல்லாம் மறுபடி தரைக்கு வந்தன. ஓதி முடித்துப் பெரியவர்கள் தேநீருக்கு அமர்ந்திருந்தார்கள். அடைத்து வைத்த சமையலறைக் கதவை மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு அக்தோஷ் வந்தான். சிவப்புக் கல்யாணக் கம்பளத்தின் நடுவே நின்று மோந்தான். ஒரு சுற்றுச் சுற்றினான். எசென் அண்ணன் ரொட்டியைக் கீழே வைத்தார்.

அவன் கம்பளத்தைக் கடந்து போய், வாசற்கதவைப் பிறாண்டினான்.

"கேக்குறான்! வெளிய போகணும்னு கேக்குறான்!" அக்கா தேநீர்க் கெண்டியை என் கையில் திணித்துவிட்டு, குட்டியை வாரிக்கொண்டு, காலுறையோடு படியிறங்கி ஓடினார். பெரியவர்களும் எசென் அண்ணனும் ஜன்னலுக்கு ஓடினார்கள். கெண்டியோடு நானும் ஓடினேன். சுவரோரக் கிண்ணங்கள் நான்கில் இன்னும் தேநீர் ஊற்றியாகவில்லை.