நாலு மாதத்தில் பன்னிரண்டு மில்லிமீட்டர்

நிலம் நகர்கிறதா என்று அளந்து சொல்வது எங்கள் தொழில். அளப்பதற்கு முன்பே பதிலை வைத்துக்கொண்டு காத்திருப்பது மற்றவர்களின் தொழில். சர்வே எடுத்துப் பிழைக்கும் சகோதரர்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

வாசலில் மூன்று நாள்

தொண்ணூறுகளின் நடுவில், பாயான் லெப்பாஸ் என்ற ஊரில் ஒரு மேட்டில் ஆறு வீடுகள். சுவர்களில் வெடிப்பு. மேடு சரிகிறது, காலி செய்யுங்கள் என்று நிலத்துக்காரர் நெருக்கிக்கொண்டிருந்தார். சரிவதை அளந்து காட்ட எங்கள் கம்பெனியை அமர்த்தியதும் அவரே. ஒரு வீட்டு வாசலில் பித்தளைக் குறி பதித்து, அதன்மேல் செயற்கைக்கோள் சிக்னல் வாங்கும் கருவியை நிறுத்தி மூன்று நாள் உட்கார்ந்தேன். அந்த வீட்டுச் சரோஜா அக்கா, ஃபாக்டரி வேலை முடிந்து வந்து, மேடு நகர்கிறதா என்று கேட்டார். இன்று எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும், நகர்வது பலமுறை வந்து அளந்தால்தான் தெரியும் என்றேன்.

"மூணு நாளா என் வாசல்ல ஒக்காந்தும் ஒண்ணும் தெரியலயா, தம்பி? நான் எட்டிப் பாத்தே சொல்லிடுவேன் லா."

மூன்றால் பெருக்கு

நாலு மாதம் கழித்து அளந்தபோது உயரம் பன்னிரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தது. மேனேஜர் முகம் மலர்ந்தது. வருஷத்துக்கு முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். நிலம் அசையாவிட்டாலும் இந்த அளவில் தடுமாற்றமே அவ்வளவு வரும், இதை வைத்து ஆறு குடும்பத்தைத் தெருவில் நிறுத்த மாட்டேன் என்றேன். கோபம் வந்தால் எனக்குக் குரல் தணியும். அன்று மிகவும் தணிந்திருந்தது. மேனேஜர் குரல் தணியவில்லை.

"மூணால பெருக்கறதுக்கு மனசாட்சி எதுக்கு? கால்குலேட்டர் போதும் லா."

சாப்பாட்டு நேரம்

நிலத்துக்காரரையே மேட்டுக்கு வரவழைத்தேன். காலையில் இரண்டு மணி நேரம் அளந்து, கருவியைக் கழற்றினேன். சாப்பிட்டு வந்து அதே குறிமேல் நிறுத்தி மறுபடி இரண்டு மணி நேரம். மறுநாள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு அவருக்குக் காட்டினேன்: மத்தியானத்தில் உயரம் பதினாலு மில்லிமீட்டர் கூடியிருந்தது.

"நம்ம மீ கோரெங் சாப்பிட்டு வர்றதுக்குள்ள மேடு ஏறிக்கிச்சா?"

ரம்புத்தான் பை

செய்தி அக்காவுக்கு எட்டியது. நகரவில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி ரம்புத்தான் பழப் பையோடு ஆபீசுக்கே வந்தார். அதையும் எழுத மாட்டேன் என்றேன். மூன்று வருஷம் அளக்க வேண்டும், அதுவரை யாரையும் கிளப்ப இது ஆதாரமாகாது. அதை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா பையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"ஆடுதுன்னும் எழுதல, ஆடலன்னும் எழுதல. உங்களுக்கு யாரு சம்பளம் குடுக்கறா?"

மூன்று வருஷம் அளந்தும் அந்த மேடு நகர்ந்ததாகப் பிடிபடவில்லை, ஆறு வீட்டிலும் அவர்களே இருந்தார்கள். கம்பெனியில் என் மேஜைதான், எந்தக் கருவியும் இல்லாமலே தெரியும்படி, ஸ்டோர் ரூம் வாசல்வரை நகர்ந்திருந்தது.