சிங்கப்பூர் வண்டியில் அப்பா பிடித்த இடம்

சுங்குவார்சத்திரம் டீக்கடை நண்பர்களே, இதைக் கடையில் உரக்கப் படிக்கவும்.

இன்று கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் போய், சுற்றிப் பார்த்துவிட்டு இரவே திரும்புவதாகத் திட்டம். அப்பா, இங்கே வேலை பார்க்கும் சித்தப்பா, நான்.

ஒரு வண்டி வந்து நிற்பதற்குள் அப்பா ஓடினார். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடுவது போலவே, ஜன்னல் வழியாக மஞ்சப்பையை ஒரு சீட்டில் போட்டார்.

பைக்குள் எங்கள் பாஸ்போர்ட்டுகள்.

"இன்னாண்ணே பண்ணிக்கினு கீற? இது சிங்கப்பூர் வண்டி. நம்மளுது இனிமேதான் வரும்" என்றார் சித்தப்பா.

அவர் சொல்லி முடிப்பதற்குள் அந்த சீட்டு கிளம்பிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டர் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஈப்போ வண்டி வந்தது, எங்களைப் பார்த்தது, போய்விட்டது. பாஸ்போர்ட் இல்லாமல் ஊர் திரும்ப முடியாது என்று சித்தப்பா அடிக்கடி நினைவூட்டினார்.

சாயங்காலம் எதிர் வண்டியில் பை வந்தது. போட்ட சீட்டிலேயே இருந்ததாம்.

"பாத்தியாடா, நம்ம எடத்துல எவனும் உக்காரல" என்றார் அப்பா.

நாளை மறுபடியும் ஈப்போ. பை என்னிடம் இருக்கும். துண்டு அப்பாவின் தோளில் இருக்கும்.

அது எந்த நாட்டில் இறங்கும் என்று யோசித்து எழுதுங்கள்.